அண்ணாச்சி பதில்கள்: கடைமடைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது?

போன வாரம் பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். எந்த நாட்டு அரசாங்கம் செலவழிக்கிற பணம் ஜனங்களை உருப்படியாகப் பாதுகாக்கிறது, எங்கே வீணாகிறது, இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள் என்று. இடம் போதவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஒரு வரி போட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்த கடிதங்களையும் வாட்ஸப் செய்திகளையும் பார்த்தால், நம்ம பக்கத்தில் எல்லாருமே நிதியமைச்சர் ஆகிற யோசனையில் இருக்கிறார்கள் போல. ஆகவே இந்த வாரம் சினிமா, கிரிக்கெட், அரசியல் கிசுகிசு எல்லாத்துக்கும் லீவு.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் மேடம் 'மனிதப் பாதுகாப்பு' என்று புராஜெக்ட் கொடுத்திருக்கிறார். பாதுகாப்பு என்றால் ராணுவமும் போலீஸும்தானே? அதில் சாப்பாடும் ஆஸ்பத்திரியும் எப்படி வந்தன?
(பொருளாதார மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: உனக்கு வந்த சந்தேகம் 1994 வரைக்கும் பெரிய பெரிய ஆட்களுக்கே இருந்தது மகளே. அந்த வருஷம் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கைதான் இந்தச் சொல்லை ஊரறியச் செய்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் மஹபூப் உல் ஹக். பாகிஸ்தான்காரர், அந்த நாட்டின் நிதியமைச்சராகவும் இருந்தவர், அமர்த்தியா சென்னுக்குக் கேம்பிரிட்ஜ் காலத்துச் சிநேகிதர். பனிப்போர் முடிந்து, ஆயுதத்துக்குக் கொட்டிய காசை இனி என்ன செய்யலாம் என்று உலகம் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர் வாதத்தை நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: எல்லையில் பீரங்கி நிற்கிறது, சரி, வீட்டில் ஒரு பிள்ளை வயிற்றுப்போக்கில் மூன்று நாளில் செத்துப்போனால், அந்தத் தாய்க்கு அந்த நாடு என்ன பாதுகாப்பைக் கொடுத்தது?

அந்த அறிக்கை ஏழு வகையாகப் பிரித்தது. வருமானம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனித உயிர், சமூகம், அரசியல் உரிமை. உன் புராஜெக்டில் இதை அப்படியே எழுதினால் மேடம் தூங்கிவிடுவார். கொஞ்சம் ஊருக்குள் இறக்கிப் பார். பீடி இலை வராமல் ஒரு வாரம் வேலை இல்லை என்றால் அது முதல் வகை. ரேஷனில் அரிசி கிடைப்பது இரண்டாவது. தாமிரபரணித் தண்ணீரைப் பயமில்லாமல் அள்ளிக் குடிக்க முடியுமா என்பது நாலாவது. உன் வகுப்புத் தோழி ராத்திரி எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து தனியாக நடந்து வர முடியுமா என்பது ஐந்தாவது. கலெக்டர் ஆபீசில் ஒரு மனு கொடுத்துவிட்டு, அதனால் நமக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று முழித்துக்கொண்டு படுக்காமல் இருக்கிறோமே, அது ஏழாவது. மீதியை நீயே நிரப்பிக்கொள். ஆறாவதைப் பற்றி ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார், கீழே வரும்.

கேள்வி: காசை எண்ணலாம். பயமில்லாமல் இருப்பதை எப்படி எண்ணுவது?
(விவசாயி, பத்தமடை)

பதில்: உங்களுக்குச் சொல்வது சுலபம், ஏனென்றால் நீங்கள் கால்வாய்க்காரர். பிசானப் போக நெல்லுக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்கிறார்கள். எத்தனை கனஅடி என்று பேப்பரில் வருகிறது. அதுதான் செலவு. கடைசியில் எத்தனை ஏக்கர் கதிர் பிடித்தது என்பது பலன். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய். ஒரே அளவு தண்ணீரை வாங்கி எந்தக் கால்வாய் அதிக ஏக்கரை நனைக்கிறதோ அதை ஒரு கோடாகப் போட்டுக்கொண்டு, மற்றவை அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு கீழே நிற்கின்றன என்று பாருங்கள். அவ்வளவுதான் விஷயம். தண்ணீருக்குப் பதில் தலைக்கு எத்தனை டாலர் அரசு செலவு. ஏக்கருக்குப் பதில் ஆயுள், பள்ளியில் படித்த வருஷங்கள், நல்ல தண்ணீர், கொலை குறைவது. கால்வாய்க்குப் பதில் நாடு. பயத்தை நேராக எண்ண முடியாதுதான். அது எதனால் வருகிறதோ அவற்றை எண்ணுகிறார்கள்.

இதற்கு டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ் என்று வாயில் நுழையாத ஒரு பேர். 1957ல் ஃபேரல் என்கிற பிரிட்டிஷ்காரர் அடிப்படை போட்டார், 1978ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்று மூன்று பேர் அமெரிக்காவில் அதை முழுக் கணக்காக்கினார்கள். அவர்கள் கையில் அப்போது இருந்தது நாடுகள் கூட இல்லை, ஏழைப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளித் திட்டம். ஒன்றுக்கு ஒன்று வாங்கினால் முதல் தரம், 0.6 என்றால் இதே பலனை அறுபது சதவீதக் காசிலேயே எடுத்திருக்கலாம் என்று அர்த்தம்.

ஆனால் நீங்கள் கேட்காமலே ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். மணல் தரையில் ஓடுகிற கால்வாயும் களிமண்ணில் ஓடுகிற கால்வாயும் ஒன்றா? ஒன்றில்லை. பாதித் தண்ணீரை மணலே குடித்துவிட்டால் மடை பார்க்கிறவரைத் திட்டி என்ன பயன்? நாடுகளிலும் அப்படித்தான். போர் நடக்கிற நாடு, மலேரியா நாடு, மலைமேல் சிதறிக் கிடக்கிற நாடு இவற்றுக்கெல்லாம் இரண்டாவது கட்டமாக ஒரு திருத்தம் போடுகிறார்கள். போடாத கட்டுரைகளும் நிறைய உண்டு, அவற்றை நம்பிப் பட்டியல் வெளியிடுகிற பேப்பர்களும் உண்டு. இன்னொரு கோளாறு, அந்த ஒன்றுக்கு ஒன்று என்பது கூட்டத்தில் முதல் என்று மட்டும்தான் சொல்லும். எல்லாரும் ஃபெயிலான வகுப்பில் முப்பது மார்க் எடுத்தவன் ஃபர்ஸ்ட் ரேங்க்.

கேள்வி: அதிகம் செலவழிக்கிற அமெரிக்காதானே முதலில் இருக்கும்?
(ஓய்வு பெற்ற தபால் ஊழியர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: அதுதான் இல்லை சார். அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குக் கொட்டுகிறது, அரசும் தனியாரும் சேர்த்து. சராசரி ஆயுள் 78ஐ ஒட்டி. இலங்கை அரசு மருத்துவத்துக்குச் செலவிடுவது அந்த நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்துக்குள். அங்கே ஆயுள் 76, 77. கோஸ்டா ரிக்கா என்று மத்திய அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு, அமெரிக்காவோடு ஒப்பிட்டால் ஏழை, அங்கே 80.

அமெரிக்கக் காசு எங்கே போகிறது? பெரும்பகுதி விலையில் போகிறது. அதே மாத்திரை, அதே ஆபரேஷன், பல மடங்கு விலை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓடுகிற பேப்பர் வேலைக்கே ஒரு பெரிய பங்கு. அப்புறம், துப்பாக்கியும் போதை மாத்திரையும் சாலை விபத்தும் இள வயதிலேயே ஆட்களைக் கொண்டுபோனால் எத்தனை ஸ்கேன் மெஷின் வாங்கினாலும் சராசரி ஏறாது. இன்னொன்றும் உண்டு. முதலில் செலவழிக்கிற ரூபாய் தடுப்பூசி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், பிரசவம் பார்க்கத் தெரிந்த நர்ஸ் என்று போகும். அது பிள்ளைகளையும் தாய்களையும் கூட்டம் கூட்டமாகக் காப்பாற்றும். கடைசியில் செலவழிக்கிற ரூபாய் எண்பது வயதுக்காரருக்கு இரண்டு மாதம் கூட்டிக் கொடுக்கும். அதைக் கேவலமாகச் சொல்லவில்லை, அந்த இரண்டு மாதம் யாருடைய அப்பாவுக்கோ. கணக்கில் மட்டும் அது சின்னதாகத் தெரியும்.

கோஸ்டா ரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. 1948ல் உள்நாட்டுச் சண்டை முடிந்த கையோடு ராணுவத்தையே கலைத்துவிட்டார்கள், அந்தக் காசு பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. மேடையில் சொல்ல நல்ல கதை. ஆனால் அதே நாட்டில் 2023ல் போதைப்பொருள் கும்பல்களால் அதுவரை இல்லாத அளவுக்குக் கொலைகள் நடந்தன. உடல்நலத்தில் முதல் வரிசை, தனிமனித உயிரில் திணறல். ஒரே மார்க்கில் ஏழு வகையையும் அடைத்தால் இது காணாமல் போய்விடும்.

கேள்வி: அப்படியானால் கம்மியாகச் செலவழிக்கிறவன்தான் கெட்டிக்காரன். வரியைக் குறைத்துவிடலாமே!
(ஜவுளிக்கடை உரிமையாளர், வள்ளியூர்)

பதில்: வந்துட்டாருய்யா.

அரசு செலவைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு, ஆயுள் மட்டும் ஓரளவு தேறினால் அந்த நாட்டுக்குக் கணக்கில் மார்க் ஏறும். மீதிச் செலவை யார் செய்தது? வீட்டுக்காரன். நம்ம நாட்டிலேயே பாருங்கள், 2013-14ல் மொத்த மருத்துவச் செலவில் 64 சதவீதம் ஜனங்கள் சொந்தக் கையிலிருந்து போட்டது. 2021-22ல் அது 39 சதவீதமாக இறங்கியிருக்கிறது என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. இறங்கியது நல்லது. ஆனால் அந்த 64ஐ அடகுக்கடை ரசீதுகளில்தான் தேட வேண்டும், அரசு செலவுக் கணக்கில் வராது. 2025க்குள் மருத்துவத்துக்கான அரசு செலவை உற்பத்தியில் இரண்டரை சதவீதமாக்குவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலேயே எழுதினார்கள். எட்டவில்லை.

இன்னொரு மலிவும் இருக்கிறது, அதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. நம்ம ஊரில் அரசு வேலை மலிவாக நடப்பதற்குக் காரணம் சத்துணவு ஆயா, அங்கன்வாடி அக்கா, ஒப்பந்தத்தில் குப்பை அள்ளுகிறவர், இவர்களுக்குக் கொடுக்கிற சம்பளம். வடக்கே ஆஷா என்கிற கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குச் சம்பளம் என்றே பேர் கிடையாது, ஊக்கத்தொகை என்று பேர். அவர்கள் வயிற்றைக் கட்டி நாம் மார்க் வாங்கினால் அதைத் திறமை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் கடைப் பையன்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்து லாபம் காட்டினால் உங்களைக் கெட்டிக்கார முதலாளி என்பார்களா, வேறு ஏதாவது சொல்வார்களா?

கேள்வி: கார் வைத்திருக்கிறவனுக்கும் ரேஷன் கார்டு. ஏழைக்கு மட்டும் கொடுத்தால் மிச்சமாகுமே?
(வங்கி ஊழியர், தென்காசி)

பதில்: பேப்பரில் மிச்சமாகும். 1997ல் மத்திய அரசு அப்படித்தான் செய்தது, வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. தமிழ்நாடு பிரிக்க மாட்டேன் என்று எல்லாருக்கும் தொடர்ந்தது. பிரித்த இடங்களில் பட்டியலில் பேர் சேர்ப்பவருக்கு ஒரு அதிகாரம் வந்தது, நிஜமான ஏழை பலர் வெளியே நின்றார்கள், பண்ணையார் உள்ளே போனார். வேண்டாதவனுக்குப் போகிற அரிசியை எண்ணுகிறோம், வேண்டியவனுக்குப் போகாத அரிசியை யாரும் எண்ணுவதில்லை. கார்க்காரன் எப்படியும் ரேஷன் அரிசியை வாங்கிச் சாப்பிடப் போவதில்லை. அவன் கார்டில் போடுகிற அரிசி கேரளாவுக்குக் கடத்தப்படுகிறதே என்றால், ஆமாம், அது இருக்கிறது, புளியரைச் செக்போஸ்ட் உங்கள் பக்கத்தில்தான். அதைச் செக்போஸ்டில் பிடிக்க வேண்டும். அதற்காகக் கிழவியின் கார்டைப் பிடுங்கக் கூடாது.

கேள்வி: இலங்கையைப் புகழ்கிறீர்களே, அது 2022ல் திவாலாகிவிட்டதே?
(மீனவ இளைஞர், உவரி)

பதில்: நல்ல அடி தம்பி. 1945லேயே இலவசக் கல்வி, அப்புறம் இலவச மருத்துவம், ஊர் ஊருக்குப் பிரசவ நர்ஸ் என்று எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் விதைத்ததைத்தான் இப்போது ஆயுளாக அறுக்கிறார்கள். இது இந்த அளவீட்டின் இன்னொரு தொல்லை: இந்த வருஷச் செலவையும் இந்த வருஷப் பலனையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுவார்கள், ஆனால் பலன் தாத்தா காலத்துச் செலவுக்குக் கிடைத்தது. பனை வைத்தவன் ஒருத்தன், பதநீர் குடிப்பவன் வேறொருத்தன்.

அதே நாட்டில்தான் 1983லிருந்து 2009 வரை போர். நம்ம சொந்தக்காரர்கள் படகில் வந்து இறங்கியதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். சமூகப் பாதுகாப்பு, தனிமனிதப் பாதுகாப்பு என்கிற கட்டங்களில் அந்த நாடு என்ன மார்க் வாங்கியிருக்கும்? அப்புறம் 2021ல் ரசாயன உரத்துக்கு ஒரே ராத்திரியில் தடை. செலவே இல்லாத திட்டம், இன்னும் சொன்னால் உர இறக்குமதி டாலரை மிச்சம் பிடிக்கிற திட்டம். நெல் விளைச்சல் விழுந்தது, சில மாதத்தில் தடையை எடுத்தார்கள், அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். பெட்ரோலுக்கு வரிசை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. டாக்டர், நர்ஸ், கட்டடம் எல்லாம் இருந்தும் ஊசி மருந்து இல்லாவிட்டால் என்ன செய்வது? ஏழு வகையில் ஒன்று உடைந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு நமக்கு வேறு பாடம் வேண்டாம், முப்பது மைல் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

கேள்வி: ஒரு ரூபாயில் 15 பைசாதான் ஜனங்களுக்குப் போகிறது என்று ராஜீவ் காந்தி சொன்னாரே. இப்போது எத்தனை பைசா?
(டீக்கடைக்காரர், சங்கரன்கோவில்)

பதில்: 1985ல் சொன்னார். அது அளந்து பார்த்துச் சொன்ன எண்ணா, வேதனையில் சொன்ன எண்ணா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். நிஜமாகவே அளந்து பார்த்த ஒரு நாட்டைச் சொல்கிறேன், உகாண்டா.

1990களில் அங்கே ஒரு புதிர். ஆரம்பப் பள்ளிகளுக்கு அரசு ஒதுக்குகிற பணம் ஏறிக்கொண்டே போகிறது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை கணக்கில் அசையவே இல்லை. என்னடா இது என்று ஆய்வாளர்கள் நிதித்துறைப் பதிவேட்டை ஒரு கையிலும் பள்ளிக்கூட நோட்டை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளியாகப் போய் ஒத்துப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரை பிள்ளைக்கு இவ்வளவு என்று அனுப்பிய மானியத்தில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது சராசரியாக 13 சதவீதம். பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு காசு கூட வரவில்லை. நடுவில் ஜில்லா ஆபீஸ் மட்டத்திலேயே வேறு செலவுக்குத் திரும்பிவிட்டது, சாப்பாட்டு அலவன்ஸ், வண்டி, கட்சி வேலை என்று.

அப்புறம் உகாண்டா அரசு செய்ததில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான், நான் பத்திரிகைக்காரன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். எந்த ஜில்லாவுக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளிலும் ரேடியோவிலும் போட ஆரம்பித்தார்கள். பள்ளி வாசலில் வந்த பணத்தை எழுதி ஒட்டச் சொன்னார்கள். 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. முழுப் பெருமையும் பேப்பருக்கே என்று சொல்லக் கூடாது, வேறு சீர்திருத்தங்களும் கூடவே நடந்தன. ஆனால் ஹெட்மாஸ்டருக்குத் தன் பள்ளிக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்தது, தெரிந்ததால் போய்க் கேட்டார். உங்கள் கடையில் தினமும் ஓசியில் பேப்பர் படிக்கிறவர்களை இனிமேல் விரட்டாதீர்கள்.

கேள்வி: எல்லாம் வெளிநாட்டுக் கதை. நம்மிடம் உருப்படியாக ஒன்றும் இல்லையா?
(பள்ளித் தலைமையாசிரியர், எட்டயபுரம்)

பதில்: நீங்கள் எட்டயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கலாமா சார்? 1956ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்தது உங்கள் ஊரில். அப்போது அது நம்ம திருநெல்வேலி ஜில்லா. சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் மாடு மேய்த்த பையனிடம் பேசிய கதையும் நம்ம பக்கத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைதான். ஒரு தட்டுச் சோறு பசிக்கும் படிப்புக்கும் சேர்த்து வேலை செய்தது. பெண்பிள்ளைகள் பள்ளியில் நின்றார்கள், நின்றதால் கல்யாணம் தள்ளிப்போனது, தள்ளிப்போனதால் பிரசவத்தில் சாவு குறைந்தது. இதை எந்தத் துறையின் கணக்கில் எழுதுவது?

அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது மருந்து. 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் வேண்டிய மருந்தை ஒரே டெண்டரில் மொத்தமாக வாங்குவது, வந்த மருந்தைக் கம்பெனிப் பேர் தெரியாமல் லேபுக்கு அனுப்பித் தரம் பார்ப்பது, மாவட்டக் கிடங்கில் வைப்பது, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக். தனக்கு உள்ள தொகைக்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கவர்ச்சியே இல்லாத வேலை, கட்அவுட் வைக்க ஒன்றும் கிடையாது. கேரளாவும் ராஜஸ்தானும் பிறகு இதைப் பார்த்துத்தான் செய்தன. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய்மார் சாவு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. கேரளாவில் 19, ஆகவே ரொம்பவும் தோளைத் தட்டிக்கொள்ள வேண்டாம்.

இதற்கு எதிர்க்கதையும் என்னிடம் உண்டு. என் அப்பாவைச் சர்க்கரை மாத்திரைக்குக் கூட்டிப்போகிற ஒரு சுகாதார நிலையத்தில், ஊர் வேண்டாம், புத்தம்புது பிரஷர் மெஷின் நாலு மாதம் மேஜைமேல் சும்மா இருந்தது. பேட்டரி இல்லை. மெஷின் வாங்க ஒரு கணக்குத் தலைப்பு, பேட்டரி வாங்க வேறு தலைப்பு, அந்தத் தலைப்பில் அந்த வருஷம் பணம் இல்லையாம். கடைசியில் நர்சம்மா சொந்தக் காசில் நாலு பேட்டரி வாங்கிப் போட்டார்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊர் மூழ்கியது. எவ்வளவு செலவழித்தாலும் இயற்கையை என்ன செய்ய முடியும்?
(நகைத் தொழிலாளி, ஏரல்)

பதில்: மழையை ஒன்றும் செய்ய முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டினால் எந்த ஊர்தான் தாங்கும்? ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே சுமார் 800 பேரோடு மாட்டிக்கொண்டது. சிந்துபூந்துறையில் எங்கள் சித்தி வீட்டில் தண்ணீர் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறியதை டார்ச் அடித்து எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஐந்தாவது படியில் நின்றது.

சாவை மட்டும் குறைக்க முடியும். வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் செத்தார்கள். 1991ல் சுமார் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். 2007ல் சித்ர் புயல், அதுவும் பயங்கரமானதுதான், சுமார் 3,400. நம்மைவிட ஏழை நாடாக இருந்துகொண்டே செய்தார்கள். தூண்மேல் நிற்கிற கட்டடம் கட்டினார்கள், மற்ற நாளில் அதுவே பள்ளிக்கூடம். 1972லிருந்தே தொண்டர் படை ஒன்று, இப்போது சுமார் 76,000 பேர், சைக்கிளிலும் மெகாபோனிலும் வீடு வீடாகச் சொல்வார்கள். 1991ல் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் செத்தார்கள். ஆண் துணை இல்லாமல் அந்நியர் கூடுகிற முகாமுக்குப் போக மாட்டார்கள், வீட்டையும் ஆட்டையும் விட்டு வர மாட்டார்கள். அதைக் கவனித்துத்தான் தொண்டர்களில் பாதிக்குப் பெண்களைச் சேர்த்தார்கள், மாட்டைக் கட்ட மேடு அமைத்தார்கள். ஒடிசாவும் அப்படித்தான், 1999 பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர், 2013 பைலின் புயலில் ஐம்பதுக்குள்.

எங்கள் தெருவுக்கு அன்று செல்போனில் எச்சரிக்கை வந்தது. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், யார் கதவைத் திறப்பார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்ல ஒரு மெகாபோன் போதும். அடுத்த நாள் கடற்கரையிலிருந்து மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், அவர்கள் எந்த பட்ஜெட்டிலும் இல்லை.

கேள்வி: சமூகப் பாதுகாப்புக்கு எவ்வளவு ஒதுக்கினால் என் வகுப்பில் சாதியைக் காட்டக் கையில் கலர் கயிறு கட்டுவது நிற்கும்?
(அரசுப் பள்ளி ஆசிரியை, நாங்குநேரி வட்டாரம்)

பதில்: டீச்சர், இந்தக் கேள்விக்கு ரூபாயில் பதில் இல்லை என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்கா தன் உற்பத்தியில் 6 சதவீதத்துக்கு மேல் கல்விக்குச் செலவழிக்கிற நாடு, போலீசுக்கும் குறைவில்லை. ஆனாலும் ஒரு லட்சம் பேருக்கு வருஷத்தில் 40க்கு மேல் கொலை. நிறவெறி ஆட்சி 1994லேயே போய்விட்டது, அது பிரித்துவைத்த குடியிருப்பும் நிலமும் வேலையும் போகவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறைத் தடை செய்வது, பள்ளிப் பேரில் இருக்கிற சாதியை எடுப்பது என்று பல பரிந்துரைகள். இவற்றில் பலதுக்குப் பைசா செலவில்லை. செலவில்லாததைச் செய்யத்தான் நம்ம ஊரில் ஆள் கிடைப்பதில்லை. உங்கள் வகுப்பில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த வாரம் முழுப் பதிலையும் உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

கேள்வி: நம்ம ஜில்லாவுக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?
(பெயர் வெளியிட விரும்பாதவர், மேலப்பாளையம்)

பதில்: நாலு பேட்டரி.

கேள்வி: அண்ணாச்சி, தினம் ஆயிரம் பீடி சுத்துறேன். கழுத்து வலி, இடுப்பு வலி, இருமல். நீங்கள் சொல்கிற நாட்டுக் கணக்கெல்லாம் எனக்கு எதுக்கு?
(பீடித் தொழிலாளி, முக்கூடல் பக்கத்துக் கிராமம்)

பதில்: அக்கா, உங்கள் பீடிக்கு என்றே ஒரு தனி வரி இருந்தது தெரியுமா? 1976ல் சட்டம் போட்டு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பிடித்து, அதிலிருந்து உங்களுக்கு ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை, வீடு என்று நடந்தது. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த செஸ் எடுக்கப்பட்டது, இப்போது பொதுப் பணத்திலிருந்து ஒதுக்குவதுதான். முன்பு உங்கள் பேர் எழுதிய உண்டியல், இப்போது ஊர்ப் பொது உண்டியல். அதில் உங்கள் பங்கைக் கேட்டால்தான் வரும்.

இந்தக் கணக்கு உங்களுக்கு ஏன் என்றால், உலகத்தில் யார் அளந்தாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் உங்கள் திண்ணைதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021லிருந்து வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். உங்கள் தெருவுக்குக் கடைசியாக எப்போது வந்தார்கள்? துணை சுகாதார நிலையத்தில் போன மாதம் எத்தனை நாள் நர்ஸ் இருந்தார், இருமலுக்குச் சளி எடுத்துப் பரிசோதிக்கிற வசதி எங்கே? இந்தியாவில் இருபது வருஷத்துக்கு முன்னால் அறிவிக்காமல் போய்ப் பார்த்த ஒரு ஆய்வில், சுகாதார நிலையங்களில் பத்துப் பணியாளருக்கு நாலு பேர் இடத்தில் இல்லை. சம்பளக் கணக்கில் எல்லாரும் இருந்தார்கள்.

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருகிற கூட்டத்துக்குக் கூடச் சுத்துகிற பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பீடித் தட்டை ஒருநாள் ஓரமாக வையுங்கள், கூலி போகும், தெரியும். மேலே சொன்ன மூன்றையும் கேளுங்கள், பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அதையும் எனக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.